மரத்தில் இல்லாத பூனை

மகளைப் பள்ளியின் முதல் வகுப்பான ஹ்ரூப் 1-இல் சேர்த்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நெதர்லாந்தில் நாலு வயது முடிந்தாலே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம், கட்டாயம் என்பது ஐந்திலிருந்துதான். டீச்சரை இங்கே ‘யுஃப்’ என்று கூப்பிடுவார்கள். யுஃபோடு பெற்றோர் உட்கார்ந்து பேசப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். பத்து என்றால் பத்துதான், அடுத்த பிள்ளையின் அப்பா அம்மா கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

யுஃப் எனக்காக நிறுத்தி நிதானமாகத்தான் பேசினார். நன்றாகச் சாப்பிடுகிறாள், வரைகிறாள், எல்லாம் சரி. அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: “ஸெ கெய்க்ட் நோஹ் அன் பேச்ச டெ கட் அய்ட் டெ போம்.”

கெய்க்ட், பார்க்கிறாள். கட், பூனை. போம், மரம். (எழுத்தில் பார்த்தால் ‘பூம்’ என்று வாசிக்கத் தோன்றும், வாயில் போம்.) மூன்று வார்த்தையும் எனக்குத் தெரிந்துபோனதுதான் வினை. ஒன்றுமே புரியாமல் இருந்திருந்தால் அர்த்தம் கேட்டிருப்பேன். பெரிய ஆள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

“கிளாஸ்ல பாடத்தைக் கவனிக்காம பூனையவே பாத்துட்டு இருக்கியாமே?”

“எந்தப் பூனை?”

“மரத்துல இருக்குமே, அது.”

“மரத்துல புறாதாம்மா இருக்கு.”

பொய் வேறா என்று இன்னும் இரண்டு திட்டு. என் வீட்டுக்காரர் ஆபீஸில் எட்டு மணி நேரமும் ஆங்கிலம் பேசுகிறவர், டச்சில் காபி வாங்கத் தெரியும், அவ்வளவுதான். அவரிடம் கேட்டுப் பயனில்லை. ராத்திரி பாளையங்கோட்டைக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் புலம்பினேன். “ஏட்டி, பிள்ள பூனையப் பாத்தா ஒனக்கு என்ன போச்சு? நீ அஞ்சாப்பு வரைக்கும் அணிலத்தானட்டி பாத்துட்டு இருந்த” என்றாள்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், வகுப்பு ஜன்னலுக்கு நேரே நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இலை உதிர்ந்த மரம், ஒளிய இடமே கிடையாது. என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். “பூனை” என்றேன். அந்த அம்மாவும் அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகள் வெளியே வரும்வரை இரண்டு பேரும் இல்லாத பூனையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

குட்டு உடைந்தது வியாழக்கிழமை. ஆமர்ஸ்ஃபோர்ட்டில் எங்கள் நூலகத்தில் வாரம் ஒரு நாள் ‘டால்கஃபே’ நடக்கும். காபியைக் குடித்துக்கொண்டு டச்சு பேசிப் பழகலாம். எங்கள் மேசைக்கு வரும் தன்னார்வலர் ஓய்வுபெற்ற அம்மா. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு விளக்கினார். நாய் துரத்துகிறது, பூனை மரத்தில் ஏறிவிடுகிறது. நாய்க்கு ஏறத் தெரியாது. அடியில் உட்கார்ந்து, மேலேயே பார்த்தபடி, பூனை இறங்கி வரும்வரை பொறுமையாக இருக்கிறது. புது இடத்துக்குப் போனவர் சட்டென்று உள்ளே குதிக்காமல், யார் எவர், எது எப்படி என்று ஒதுங்கி நின்று கவனிப்பதற்கு இப்படிச் சொல்வார்களாம். “உங்கள் மகள் பழக நேரம் எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அது குறையே இல்லை” என்றார். “எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை!” 1661-இல் ஒரு பிரபு பந்தயம் கட்டி, பீரும் பிரெட்செல் என்கிற முறுக்கு ரொட்டியும் தருகிறேன் என்று ஆசைகாட்ட, ஊரே கூடிப் பல டன் எடையுள்ள பாறாங்கல்லை ஊருக்கு வெளியே பொட்டல்வெளியிலிருந்து இழுத்து வந்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்குக் ‘கல்லிழுப்பிகள்’ என்று பட்டப்பெயர் விழ, வெட்கப்பட்டுக் கல்லைப் புதைத்தே விட்டார்கள். 1903-இல் மறுபடி தோண்டி எடுத்து, இப்போது ஊருக்குள் பெருமையாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “புறாதான்னு சொன்னேன்ல” என்றாள்.

அர்த்தம் தெரிந்துவிட்டது, இனி சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய சாமான் கடை ஒன்றில் வாரம் இரண்டு நாள் சும்மா உதவிக்குப் போவேன். சனிக்கிழமையும் வர முடியுமா என்று கேட்டார்கள். முடிவு எடுக்கவில்லை, யோசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆகா, நம் பூனைக்கு வேலை வந்தது என்று, “இக் பென் டெ கட் இன் டெ போம்” என்றேன். நான் மரத்தில் இருக்கும் பூனை.

கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “பிராண்ட்வேரைக் கூப்பிடட்டுமா?” என்றார். பிராண்ட்வேர் என்றால் தீயணைப்புப் படை. மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்க இங்கே அவர்கள்தான் வருவார்கள்.

கோளாறு எங்கே என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எனக்குள்ளே இருந்தது மரத்துப் பூனை அல்ல, நம் ஊர் மதில் மேல் பூனை. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தவிக்கும் பூனை நாம்தான். டச்சில் நாம் பூனையே இல்லை. கீழே உட்கார்ந்திருக்கும் நாய்!

அடுத்த தப்பு வேறு மாதிரி. நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது. “பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று டால்கஃபேயில் சொன்னேன். அந்த அம்மா தலையசைத்து மறுத்தார். அது வெறும் ‘அஃப்வாஹ்டன்’, காத்திருப்பது. கடிதம் உன் கையில் இல்லையே, நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வரும்போதுதான் வரும். உள்ளே போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் நீயாகக் கொஞ்சம் நிற்கிறாய் என்றால்தான் பூனை.

நாம் சொல்லும் ‘ஆழம் பார்ப்பது’ இதுதானே என்று எனக்கு ஒரு சந்தேகம். கிட்ட வருகிறது, ஆனால் ஒட்டவில்லை. ஒருத்தரை ஆழம் பார்க்கிறேன் என்றால் அதில் கொஞ்சம் கள்ளத்தனம் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை ஆழம் பார்க்கிறது என்று எந்த டீச்சரும் சொல்ல மாட்டார்.

இலக்கணமும் லேசில் பிடிபடவில்லை. பூனையைப் பார்ப்பது என்றால் ‘நார்’ என்று ஒரு சொல் நடுவில் வர வேண்டும். இந்தத் தொடரில் அதைப் போட்டால் நிஜப் பூனை வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘அய்ட் டெ போம் கெய்க்கன்’ என்பது மரத்திலிருந்து கண்ணாலேயே இறக்கிவிடுவது. கண்ணாலேயே எரிப்பது, கண்ணாலேயே விழுங்குவது என்கிறோமே, அந்த ஜாதி. இப்படி நினைத்துக்கொண்ட பிறகு ‘நார்’ தானாக உதிர்ந்தது. அந்த ‘அய்’தான் இன்னும் வரவில்லை. அது ‘அய்’யும் இல்லை, ‘அவ்’வும் இல்லை, உதட்டைக் குவித்துக்கொண்டு கொட்டாவி விடுகிற மாதிரி ஒன்று.

சரியாகச் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரின் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. அவர் மனைவி, அம்மா, மச்சான் என்று வட்டம் முழுக்கக் கைகொடுத்து எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, தட்டில் ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர், ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்டார்.

“இக் கெய்க் ஏவன் டெ கட் அய்ட் டெ போம்.”

அவர் சிரிக்கவில்லை, திருத்தவில்லை, நன்றாகப் பேசுகிறீர்களே என்று பாராட்டவும் இல்லை. “நல்லதுதான், இந்தக் குடும்பத்தில் அது தேவை” என்று சொல்லிவிட்டு, மச்சானைப் பற்றிக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருடமும் பத்து நிமிடத்துக்குப் போனேன். யுஃப் மாறிவிட்டார். பூனைக்காக நான் தயாராக இருந்தேன். புது யுஃப் கையை விரித்து, “ஓ, அவளா? ஹான்ச்ச டெ ஃபோர்ஸ்ட!” என்றார். ஹான் என்றால் சேவல் என்பது தெரியும். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. நோட்டை எடுத்து மேசையில் வைத்து, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றேன்.