எந்த எஸ்பிபி?

கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் எதுவும் பதியாத டிடிகே 90 கேசட்டை மேஜையில் வைத்து, "எஸ்பிபி பாட்டா போட்டுக் குடு தம்பி" என்றால், "எந்த எஸ்பிபிண்ணே?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் பதிவு செய்தால் மறுநாள் கேசட் திரும்பி வரும், கூடவே திட்டும் வரும்.

மதுரையில் எண்பதுகளின் கடைசியில் அந்தக் கடையில் சேர்ந்தேன். சிடி வந்து தொழில் படுக்கும்வரை இருந்தேன். இரண்டு டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க எல்பி தட்டுகள். காப்புரிமை என்ற பேச்சே யார் காதிலும் விழாத காலம். சாயங்காலம் ஆனால் பாட்டு பதிய வருகிறவர்களைவிட வாதாட வருகிறவர்கள்தான் அதிகம்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு எஸ்பிபி 1969-ல் தொடங்கி எழுபதுகளின் நடுவிலேயே முடிந்துவிட்டார். 'ஆயிரம் நிலவே வா', 'பொட்டு வைத்த முகமோ', 'அவள் ஒரு நவரச நாடகம்'. இளையராஜா வந்து குரலைத் தடிக்க வைத்துவிட்டார் என்பது அவர் கட்சி. எதிர்க்கடை டெய்லர் விடுவாரா? அவருக்கு 1982-தான் எல்லாம். 'இளைய நிலா', 'பனிவிழும் மலர்வனம்' இரண்டும் வந்த வருஷம். அதற்கு முன் பாடியதெல்லாம் ஒத்திகையாம். கல்லூரிப் பையன்கள் 'காதல் ரோஜாவே' கேட்டு வந்தால், "கம்ப்யூட்டர்ல அலசிக் காயப்போட்ட குரல்டா அது" என்று கத்தரியோடு கிளம்பி வந்துவிடுவார்.

முதலாளி டிஎம்எஸ் ஆள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "எம்ஜிஆருக்கு இந்தச் சின்னப் பையன் குரலான்னு 69-ல நாங்க தலையில அடிச்சுக்கிட்டோம். இப்ப அதுதான் பழைய தங்கங்கிறீங்க!" ரயில்வேக்காரரிடம் பதில் இல்லை. அன்றைக்கு மட்டும்.

எனக்கு இந்தச் சண்டையில் வேறொன்று தெரிந்தது. லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு, பார்ப்பதுதான் என் வேலை. எழுபதுகளின் பாட்டிலிருந்து எண்பதுகளின் பாட்டுக்குத் தாவும்போது, மீட்டர் ஊசி ஒரே இடத்தில் நின்றாலும் காதுக்கு ஒட்டாது. எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் பழைய மோனோ பாட்டுகளில் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக இருந்து பாடி, வாசித்துப் பதிந்தவை நிறைய. எம்எஸ்வி பாட்டில் குரல் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் போகும். 1978-ல் 'பிரியா' படம் வந்த பிறகு இளையராஜா பாட்டுகள், இடது வலது என்று ஒலி பிரிந்து வரும் ஸ்டீரியோவுக்குப் போயின. பேஸ் கிடார் ஒரு கதை சொல்லும், வயலின்கள் ஒரு கதை சொல்லும், குரல் அவற்றுக்கு நடுவே போக வேண்டும். ரஹ்மானிடம் பாடகர் தனியாகப் பாடிவிட்டுப் போவார், சுற்றியுள்ளது பிறகு வந்து சேரும். அங்கே குரலைச் சுற்றி ஒரு பெரிய வெளி இருக்கும். ஆக, 'குரல் மாறிடுச்சு' என்று சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் உண்மையில் இசையமைப்பாளரைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். வயதும் குரலைக் கொஞ்சம் மாற்றியது, இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொரு கூத்து. ரயில்வேக்காரர் வீட்டு டேப்ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்து, டேப் கொஞ்சம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. டேப் மெதுவாக ஓடினால் குரல் தடிக்கத்தானே செய்யும்? ராஜா பாட்டுகளை அவர் கேட்டது அதில்தான். பழைய பாட்டுகளை ரேடியோவில் கேட்டுப் பழகியவர். பெல்ட்டை மாற்றிக் கொடுத்தோம். கட்சி மாறவில்லை.

எந்தக் குரல் எஸ்பிபியுடைய சொந்தக் குரல் என்பது அதைவிடச் சிக்கல். கமலுக்கு ஒரு மாதிரி, ரஜினிக்கு ஒரு மாதிரி, மோகனுக்கு இன்னொரு மாதிரி பாடுவார். கண்ணை மூடிக் கேட்டால் திரையில் யார் என்று தெரிந்துவிடும். இன்ன நடிகருக்கு என்று அமையாத ஆரம்ப காலத்தில் பாடியதுதான் கலப்பில்லாத எஸ்பிபி என்று ரயில்வேக்காரர் சொன்னபோது, அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் என்னைக் கேட்டால் நான் டெய்லர் பக்கம்தான். 1982-ல் அந்தக் குரலில் கனமும் இருந்தது, இளமையும் மிச்சம் இருந்தது. அப்புறம் 'டூயட்' படம் வரும்போது கனம்தான் முன்னால் வந்தது. அதுவும் அழகுதான், வேறு அழகு.

அவருக்குக் கிடைத்த ஆறு தேசிய விருதுகளில் தமிழுக்கு ஒன்றே ஒன்று. 'மின்சார கனவு' படத்தின் 'தங்கத் தாமரை மகளே' பாட்டுக்கு. அப்போது அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. செய்தி வந்த அன்று கடையில் கல்லூரிப் பையன்கள் ஆடினார்கள். "இருபத்தஞ்சு வருஷம் லேட்டா குடுத்திருக்கான்" என்றார் ரயில்வேக்காரர். டெய்லரும் தலையாட்டினார், அதிசயமாக. அப்புறம் எந்தப் பாட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். கடை ஷட்டரை இறக்க ஒன்பதரை ஆகிவிட்டது.