பேட்ச் போட்டாச்சா? ஜூலை 2024 குறிப்புகள்

ஜூலை 1, திங்கள்
எங்கள் சர்வர்கள் சிலவற்றில் ஓடும் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-க்கு நேற்றோடு ஆதரவு முடிந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று, பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் இன்றைக்கே அறிவித்துவிட்டது. 2006-இல் அடைத்த ஓட்டைதான். 2020 அக்டோபரில் செய்த ஒரு மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டு, 8.5-லிருந்து 9.7 வரை எல்லாப் பதிப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. உள்நுழையாமலே ரூட் அதிகாரம், அதாவது சர்வரின் முழுக் கட்டுப்பாடு, கிடைக்குமாம். 32 பிட் கணினியில் சராசரியாக 6 முதல் 8 மணி நேரம் விடாமல் முட்ட வேண்டும். 64 பிட்டில் இன்னும் யாரும் செய்துகாட்டவில்லை. எங்கள் சர்வர்கள் எல்லாம் 64 பிட். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

ஜூலை 2
எந்த சர்வரில் எந்த ஓபன்எஸ்எஸ்எச் பதிப்பு என்று பட்டியல் எடுத்தேன். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 7.4, ரெட் ஹாட் லினக்ஸ் 8-இல் 8.0. இரண்டுக்கும் ஆபத்தில்லை. ஆதரவு தீர்ந்த கிழடு தப்பித்தது, புதிதாகப் போட்ட ரெட் ஹாட் 9 மாட்டிக்கொண்டது! ஓட்டையை அடைக்கும் பேட்ச் வரும்வரை, உள்நுழைய எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற லாகின் கிரேஸ் டைமைப் பூஜ்யமாக்கி, அந்த வரம்பையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் இணைப்புகளை நிரப்பி வாசலை அடைத்துவிடலாம். அதனால் எஸ்எஸ்எச் இணைப்புகள் வரும் 22-ஆம் போர்ட்டை, எங்கள் தனி வலையான விபிஎன்-க்குள் மட்டும் விட்டேன்.

ஜூலை 4
பேட்ச் வந்துவிட்டது. முதலில் இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்கள், அப்புறம் மற்றவை. இணைந்ததும் சர்வர் தன் பதிப்பைச் சொல்லும் வரியான பேனரில், ரெட் ஹாட் 9-இல் இப்போதும் 8.7 என்றுதான் வருகிறது. நிறுவிய மென்பொருள் பொதியின் முழுப் பெயரிலும் 8.7பி1-38 அப்படியே இருக்கிறது. வாலில் மட்டும் 4.1 ஒட்டியிருக்கிறது.

ஜூலை 8
எதிர்பார்த்ததுதான். தணிக்கைக்காரரின் ஸ்கேன் அறிக்கையில் ரெட் ஹாட் 9 மொத்தமும் சிவப்பு.
"8.7-னு காட்டுது சார். 9.8-க்கு மாத்திடுங்க."
"ரெட் ஹாட்ல பதிப்ப மாத்த மாட்டாங்க சார். பழசுலயே திருத்தத்த மட்டும் வெச்சுத் தைச்சுக் குடுப்பாங்க."
நம்பவில்லை. பொதியின் (ஆர்பிஎம்) மாற்றப் பதிவைத் திறந்து, இந்த ஓட்டையின் அடையாள எண்ணான சிவிஇ-2024-6387 இருக்கும் வரியைத் திரையில் காட்டினேன். "அப்ப இந்த வரிய எல்லா சர்வர்லயும் எடுத்து அனுப்புங்க" என்றார். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பேனரைப் படித்துவிட்டுச் சிவப்படிக்கும் ஸ்கேனருக்கு இதெல்லாம் தெரியாது. உள்ளே நுழைந்து பொதிப் பட்டியலைப் பார்க்கும்படி ஒரு கணக்கு கொடுத்தால்தான் உருப்படியான அறிக்கை வரும். கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9
உள்ளே நுழைந்து பார்த்த ஸ்கேனில் சிவப்பு போய்விட்டது. எனக்குப் பயம், சரியாக இருப்பதாகக் காட்டும் பச்சையில்தான். ஒரு டேட்டாபேஸ் சர்வரில், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு மாதாமாதம் பேட்ச் தவறாமல் இறங்கியிருக்கிறது. எது ஓடுகிறது என்று காட்டும் யூநேம் கட்டளையை அடித்தால் போன வருஷத்துக் கர்னல். ரீபூட்டே செய்யவில்லை! புதியது வட்டில் தூங்குகிறது, பழையது ஓடுகிறது. டேட்டாபேஸ் குழுவோடு மல்லுக்கட்டி, ரீபூட்டுக்குச் சனி இரவு அரை மணி நேரம் வாங்கினேன்.

சென்ட்ஓஎஸ் 7-இல் இன்னொரு கூத்து. பாதுகாப்புப் பேட்ச்களை மட்டும் காட்டு என்று, பொதிகளைப் போடும் கருவியான யம்மைக் கேட்டால், ஒன்றுமே இல்லை என்கிறது. பொதிகள் வரும் சென்ட்ஓஎஸ் களஞ்சியத்தில் எது பாதுகாப்புப் பேட்ச் என்ற குறிப்பே கிடையாது, அதுதான் காரணம். இத்தனை நாள் அந்தப் பதிலை அறிக்கையில் ஒட்டி அனுப்பியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஜூலை 13, சனி
ரீபூட் முடிந்தது. புதுக் கர்னல்தான் ஓடுகிறது, டேட்டாபேஸும் எழுந்துவிட்டது. திங்கள்கிழமை சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களைக் காலி செய்யும் திட்டத்தை மேலாளரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு சர்வர் யாருடையது என்றே தெரியவில்லை.