சோற்றுப் பசையில் ஒட்டிய வாளுறை

என்னிடம் உள்ள ஜப்பானியப் பயிற்சி வாளுக்கு இந்தக் கோடையில் மரத்தால் ஓர் உறை செய்து முடித்தேன். வாளை உருவும் கலையான இயாய்டோவைப் பயில்வோர் வைத்திருக்கும் வகை அது; துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்தது, கூர் இல்லாதது.

உறை என்பது வாளை முழு நீளத்துக்கும் இறுகப் பற்றியிருக்கும் என்றே பலரும் எண்ணுவார்கள். ஜப்பானிய முறை அப்படியன்று. அலகின் அடியில், கைக்காப்பை ஒட்டி, ஹபாகி என்னும் சிறிய உலோகப் பட்டை இருக்கும். உறையின் வாய் கவ்விப் பிடிப்பது அதை மட்டுமே. அதற்கப்பால் அலகின் இரு பக்கங்களும் விளிம்பும் மரத்தில் படாமல் நிற்க, முதுகு மட்டும் மெல்லச் சாய்ந்துகொள்ள வேண்டும். வேலையின் கடினமெல்லாம் இந்த ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஜப்பானில் இதற்கென்றே பல ஆண்டுகள் உலர்த்திய ஹோ மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். மக்னோலியா இனத்தைச் சேர்ந்த அம்மரம் மென்மையானது, பிசின் குறைந்தது. நான் நன்கு உலர்ந்த குமிழ்ப் பலகையை எடுத்துக்கொண்டேன். தேக்கு அழகுதான், ஆனால் அதிலுள்ள மணற்சத்து உளியையே மழுக்கிவிடும், மென்மையான அலகை அதனருகே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அலகை மேலே கிடத்திக் கோடு வரைந்து, உளியால் குடைய வேண்டும். ஒரு பாதியைச் சற்று ஆழமாகவும் மற்றதை ஆழம் குறைத்தும் குடைந்தால், அலகின் விளிம்பு ஒட்டு வரியின் மேல் விழாது. சிறிது குடைந்தபின் அலகில் மெல்லிதாக எண்ணெய் பூசி, இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, வாளைச் செருகி எடுத்துப் பார்த்தேன். மரத்தில் எண்ணெய்க் கறை எங்கே பளபளக்கிறதோ அங்கே அலகு உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டு மறுபடியும் செருக வேண்டும். கறை விழாத வரை இதுவே வேலை, இதில் அவசரத்துக்கு இடமில்லை. நுனிக்கு அப்பால், வழியும் எண்ணெய் தங்குவதற்குச் சிறிது இடம் விட்டேன்.

ஒட்டுவதற்குச் சோற்றுப் பசைதான். பட்டம் ஒட்டிய கைகளுக்கு அது புதிதன்று. ஜப்பானியரும் வடித்த சோற்றைப் பலகையில் வைத்து, துளி நீர் விட்டு, பருக்கை தெரியாமல் மசியும்வரை தேய்த்தே இதைச் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் பசை இதைவிட உறுதியானது என்பதால்தான் அதைத் தவிர்க்க வேண்டும் என்பேன். உள்ளே மணல் புகுந்தாலோ, எஃகு வாளாயின் துரு ஏறினாலோ, உறையை ஒட்டு வரியிலேயே பிளந்து, துடைத்து, மீண்டும் ஒட்டிவிடலாம். பிளக்க முடியாத உறை, உள்ளே சிக்கிய மணலால் ஒவ்வொரு முறை உருவும்போதும் வாளைக் கீறிக்கொண்டே இருக்கும்.

பசை தடவிய பாதிகளைக் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி, கயிற்றுக்கடியில் சிறு மர ஆப்புகளை அடித்து இறுக்கினேன். காய்ந்தபின் வெளிப்புறத்தை இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் எதுவும் பூசாமல் விட்டேன். வாய்ப்பகுதி பிளக்காதிருக்க எருமைக் கொம்பால் ஒரு வளையம் பதித்தேன்.

தலைகீழாகப் பிடித்தாலும் வாள் நழுவக் கூடாது. கட்டைவிரலால் கைக்காப்பைத் தள்ளினால் உடனே விடுபட வேண்டும். நாளடைவில் வாய் தளர்ந்தால், உட்புறத்தில் இழைப்புச் சுருள் போன்ற மெல்லிய மரச் சீவல் ஒன்றை அதே பசையால் ஒட்டினால் போதும்.