ராணிக்கும் சிட்டுவுக்கும் பூச்சி மருந்து: நாட்குறிப்பு

மார்ச் 4

என் நாய் ராணி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வால் தொடங்கும் இடத்தையே திரும்பித் திரும்பிக் கடிக்கிறாள், அங்கே முடி கொட்டித் தோல் சிவந்து கிடக்கிறது. காலையில் வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் நிற்க வைத்துப் பேன் சீப்பால் வாரினேன். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. மண்ணா இல்லையா என்று தெரிய வேண்டுமே, ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்து வைத்தேன், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவியது. அப்படியென்றால் தெள்ளுப்பூச்சியின் கழிவுதான், அது குடித்துச் செரித்த ரத்தம். பூச்சியே கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சிவப்பு போதும்.

பூனை சிட்டு சொறியவே இல்லை, ஆனாலும் அவளையும் விடவில்லை. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போதே பூச்சியையும் விழுங்கிவிடும், அதனால் வெளியே தெரியாது. கழுத்தடியில் வாரினால் அவளிடமும் அதே கறுப்புத் துகள்.

மார்ச் 5

இரண்டு பேரையும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். முதலில் எடை பார்த்தார், மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். ராணிக்கு வலிப்பு வந்ததுண்டா என்றும் கேட்டார். மாதம் ஒன்று தரும் மெல்லும் மாத்திரை எழுதித் தந்தார், அந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம், அதனால்தான் அந்தக் கேள்வி. சிட்டுவுக்கு செலமெக்டின் சொட்டு மருந்து.

பூனை வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நாய்க்கு விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு விஷம். நடுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். நாய் மருந்துதானே, கால் பங்கு ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அப்படிப்பட்ட மருந்து போட்ட நாயைக்கூட அது காயும்வரை பூனையோடு ஒட்டிப் படுக்க விடக் கூடாது.

மார்ச் 6

சிட்டுவின் பின்கழுத்தில், நக்க எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோல் தெரிந்த பிறகு சொட்டினேன். முடி மேல் விழுந்தால் வீண். ராணி மாத்திரையைத் தீனி என்று நினைத்து விழுங்கிவிட்டாள். அவளுக்கு இது போதும்.

மார்ச் 8

இன்று முழுக்க வீட்டு வேலை. தெள்ளுப்பூச்சி விஷயத்தில் இதுதான் பாதிப் போராட்டம், பாதிக்கும் மேல் என்றே சொல்வேன். நாய் மேலும் பூனை மேலும் துள்ளுகிற பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான், மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில், பாய்க்கடியில், சோபா இடுக்கில் இருக்கிறது. ஒரு பெண் பூச்சி ஒரே நாளில் 40, 50 முட்டைகூட இடும், அந்த முட்டை ஒட்டாது, ராணி எங்கெல்லாம் படுக்கிறாளோ அங்கெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும், அந்தக் கறுப்புத் துகளைத் தின்றுதான் வளர்கிறது.

ராணியின் படுக்கை உறை, சிட்டு தூங்கும் போர்வை, சோபா உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தேன். அப்புறம் வாக்குவம் கிளீனரைக் கட்டிலுக்கடியில், மெத்தை ஓரத்தில், சுவரும் தரையும் சேரும் கோட்டில் மெதுவாக ஓட்டினேன். சேர்ந்த தூசியை உடனே பையில் கட்டி வெளியே குப்பையில் போட்டாயிற்று, மெஷினுக்குள்ளேயே விட்டால் அங்கிருந்தே திரும்பி வரும்.

மார்ச் 15

ராணியின் காதை மடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு உண்ணி, சாம்பல் நிறத்தில் உப்பிப்போய். முன்னங்கால் விரல் இடுக்கில் இன்னொன்று, அது சின்னது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும், சாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எடுக்கும் விதம் முக்கியம். முனை மெலிந்த சாமணத்தால் உடம்பைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக, ஒரே சீராக இழுத்தேன். சட்டென்று வராது, பொறுமையாக இழுத்தபடி இருந்தால் பிடி விட்டு வந்துவிடும். எடுத்ததைச் சாராய ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுக் கடித்த இடத்தைத் துடைத்தேன், கையையும் கழுவினேன். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம்.

நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளும். ரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பு மாதிரி ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அதனால் ராணி படுக்கும் மூலையில் சுவர் விரிசலை டார்ச் அடித்துப் பார்த்து, சிமெண்டு பூசி அடைத்தேன்.

இனி இரண்டு வாரமாவது அவளைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமல் இருப்பது, ஈறு வெளிறுவது, மூக்கில் ரத்தம், இதில் ஒன்று தெரிந்தாலும் உண்ணிக் கடியால் வரும் எர்லிக்கியா, பபேசியா நோய்களுக்கான பரிசோதனைக்கு அன்றே ஓட வேண்டும்.

மார்ச் 24

மறுபடியும் தெள்ளுப்பூச்சி, என் கணுக்காலில்கூடக் கடி. மனசு சோர்ந்தது உண்மை, ஆனால் மருந்து தோற்றதாக நான் நினைக்கவில்லை. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியைப் பூச்சிக்கொல்லி எட்டாது, அது அப்படியே மாதக்கணக்கில் காத்திருக்கும், காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். வந்தது ராணி மேலோ சிட்டு மேலோ ஏறினால் செத்துவிடும். ஆகவே வாக்குவம் ஓட்டுவதை நிறுத்தவில்லை, அந்த அதிர்வே அதை வெளியே இழுக்கட்டும்.

டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், பூண்டு கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 2

சிட்டுவின் வாலடியில் அரிசி மணி போல ஒன்று, நெளிந்தது. நாடாப்புழுவின் துண்டு. விழுங்கிய தெள்ளுப்பூச்சியிலிருந்து வந்தது. மருத்துவர் பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து தந்தார். தெள்ளுப்பூச்சி ஒழியும்வரை இது திரும்பவும் வரலாம் என்றார்.

ஏப்ரல் 6

இரண்டு பேருக்கும் அடுத்த மருந்து கொடுத்தாயிற்று. ராணி வாலடியில் முடி முளைக்கிறது, நேற்று வாரியதில் சீப்பில் எதுவும் இல்லை. இருந்தாலும் கூட்டில் மிச்சம் இருக்கும், மே, ஜூன் மாத மருந்தையும் காலண்டரில் குறித்துவிட்டேன்.