கால் எட்ட வேண்டும், எட்டும் போட வேண்டும்

37 வயது வரை எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஈரோட்டில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சட்டென்று என் காலைப் பார்ப்பார், ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. நான் கணக்கு எழுதும் ஜவுளிக் கடை வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். சைக்கிள் போதுமானதாக இருந்தது. 2025இல் முதலாளி என்னைப் பெருந்துறைப் பக்கம் இருக்கும் குடோனுக்கு மாற்றினார். காலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் மெயின் ரோடு வரை நடந்து வந்து, நிற்காமல் போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

பைக் வாங்கப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு வண்டி சொன்னார்கள். கடைப் பையன் கேடிஎம் டியூக் என்றான். சித்தப்பா, "ஸ்ப்ளெண்டரை எடுத்துப் போடு சாமி, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்றார். (கண்ணைத் திறந்துகொண்டே ஓட்ட வருமா என்பதுதான் என் கவலை.) தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு புல்லட்டைத் தவிர மற்றதெல்லாம் மொபெட். ஒவ்வொருவரும் அவரவர் ஆசைப்பட்ட வண்டியைத்தான் சொன்னார்கள். என் உயரம் 5 அடி 2 அங்குலம் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

அந்தப் புல்லட் நண்பர் தாராளமானவர். "சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று தன் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐக் காட்டினார். சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ என்பதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். உட்கார்ந்தேன், நிமிர்த்தினேன். இரண்டு கால்களிலும் விரல் நுனி தரையைத் தொட்டது. அவர் வீட்டு வாசல் தெருவைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. வலது காலைச் சற்றுத் தள்ளி வைக்கப் பார்த்தேன். அங்கே ஒரு சிறு பள்ளம். அவ்வளவுதான். எருமை படுப்பது போல வண்டி நிதானமாகச் சாய்ந்தது. பாதி சாயும்வரை பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பாதியைத் தாண்டியதும் நான்தான் அதன் கூடவே போனேன். என்ஜின்கூட ஓடவில்லை. முன் பிரேக் லீவரின் நுனி ஒடிந்தது. நண்பர் சிரித்துவிட்டார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் காபி எடுத்து வந்தார், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று ராத்திரி வீட்டு வாசலில் நின்று யோசித்தேன். எங்கள் வீடு சந்துக்குள். வண்டியைச் சந்துக்குள் தள்ளி வந்து, திருப்பி, படிக்குப் பக்கத்தில் போட்ட சிமெண்ட் சாய்வில் ஏற்றி வராந்தாவில் வைக்க வேண்டும். தினமும் நான் செய்யப் போவது அதுதான். நூறில் பறப்பது இல்லை. ஓடும்போது எடை தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிற்கும்போதும் தள்ளும்போதும் தெரியுமே! ஆகவே எனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: 140 கிலோவுக்கு மேல் வேண்டாம், சீட் 800 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஷோரூமுக்குப் போனால் டெஸ்ட் ரைடுக்கு லைசென்ஸ் கேட்டார்கள். நியாயம்தான். வண்டியை முடிவு செய்துவிட்டு லைசென்ஸ் எடுக்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் தலைகீழ். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போட்டேன். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், ஆறு மாதம்வரை செல்லும். 'கியர் உள்ளது' என்ற வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அலைந்தவர்களைத் தெரியும்.

கற்றுக்கொடுத்தது என் மனைவியின் தம்பி. இடம், ஊருக்கு வெளியே ஒரு வீட்டுமனை லே-அவுட். தார் ரோடு போட்டிருந்தார்கள், மஞ்சள் கல் நட்டிருந்தார்கள், வீடு ஒன்றுகூட வரவில்லை. புதிதாக ஓட்டுபவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டி அவனுடைய ஸ்ப்ளெண்டர், 112 கிலோ. முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னை ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை.

"மாமா, கிளட்சை மட்டும் விடுங்க. நெல்லு நெல்லா விடுங்க."

ஒரு நெல் அளவு விட்டால் வண்டி லேசாக நடுங்கியது. இன்னொரு நெல் விட்டால் தானாக நகர்ந்தது. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, வண்டியோடு நடந்தபடியே அந்த லே-அவுட்டை இருபது முறையாவது சுற்றியிருப்பேன். ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருவர், "பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். ஆனால் பிறகு லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடும்போது கை கொடுத்தது இந்தப் பாடம்தான். எட்டில் காலை ஊன்றினால் போச்சு. அரை கிளட்சில் வண்டியை இழுத்துப் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, முன் டயரைப் பார்க்காமல் அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பெயிண்ட் டப்பா மூடிகளைத் தரையில் வைத்து அதைப் பழகினேன். முதல் முறையே பாஸ்.

இடையில் ஒரு முறை விழுந்தேன். நாய் குறுக்கே வந்தது. பயத்தில் முன் பிரேக்கை அப்படியே கவ்வினேன். தார் மேல் மணல். முன் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கியது. முழங்கையில் தோல் போனது, வேறொன்றும் இல்லை. ஆனால் பதறினால் என் கை என்ன செய்யும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது. பிரேக்கைக் கவ்வினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தது அங்கேதான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏப்ரல் 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் இணைத்த சிபிஎஸ் போதும் என்று அப்போது இருந்தது. எனவே 150, 160 சிசி, 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது, 140 கிலோவுக்குள். சித்தப்பாவின் ஸ்ப்ளெண்டரும் கடைப் பையனின் டியூக்கும் ஒரே நேரத்தில் பட்டியலிலிருந்து போயின.

லைசென்ஸ் வந்த பிறகு ஷோரூம் ஷோரூமாகப் போனேன். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன்: வண்டியை ஆஃப் செய்து, உட்கார்ந்தபடியே காலால் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். சேல்ஸ் பையன்கள் மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அப்போது புரிந்த ஒன்று, சீட் உயரம் என்று போட்டிருக்கும் எண் பாதிதான் சொல்கிறது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் நீளம் குறைந்துவிடுகிறது. 790 என்று போட்ட யமஹா எஃப்இசட்டைவிட 798 என்று போட்ட ஹோண்டா யூனிகார்னில் என் பாதம் நன்றாகப் பதிந்தது. இது என் உடம்புக்கு. உங்களுக்கு வேறாக இருக்கலாம். யூனிகார்ன் பார்க்க ஆபீசர் வண்டி மாதிரி இருக்கும் என்று மச்சான் முகம் சுளித்தான். நான் கணக்கெழுதுகிறவன், எனக்குப் பொருந்தும்.

புதியது எடுக்கத் தயக்கம். எப்படியும் இரண்டு முறையாவது கீழே போடுவேன். பழைய வண்டியில் கீறல் விழுந்தால் மனசு வலிக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதனால் புது வண்டி விலை குறைந்தது. பழைய வண்டி விற்பவர்கள் மட்டும் அது தெரியாதது போலவே பேசினார்கள். பேரம் பேச எனக்கு அது வசதி.

முதலில் பார்த்த வண்டியை வாங்கியிருப்பேன், மெக்கானிக் அண்ணன் கூட வராமல் இருந்திருந்தால். போனதும் அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. என்ஜின் மேல் புறங்கையை வைத்தார். சுட்டது. "காலையிலிருந்து எடுக்கவே இல்லைன்னீங்களே?" என்று கேட்டார். விற்பவர் வேறு பக்கம் பார்த்தார். சூடேறாத என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, முதலில் நீலப் புகை விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அடுத்து டயர். "இப்பத்தான் மாத்தினது" என்றார்கள்; பக்கவாட்டில் 0819 என்று அச்சு. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2019ஆம் வருடத்து எட்டாவது வாரம். ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் வேறு இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. எச்பி என்கிற அந்தக் கடன் பதிவு கேன்சல் ஆகாமல் வாங்கினால் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வோம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது, பள்ளி வாத்தியார் ஒருவருடைய யூனிகார்ன். 2020 மாடல், 140 கிலோ. என்ஜின் சில்லென்று இருந்தது, ஒரே செல்ஃபில் பிடித்தது. முன் போர்க்கில் ஆயில் கசிவு இல்லை. செயின் மட்டும் தொங்கியது, அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் கூராகியிருந்தது. செயின் செட்டுக்கு ஆகும் காசைக் கழித்துக்கொண்டார். 68,000 ரூபாய். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் தருவார்கள் அல்லவா, இந்த வண்டிக்கு அது சில வாரங்களுக்கு முன்தான் முடிந்திருந்தது. அவருக்கே தெரியவில்லை. இன்சூரன்ஸ் போட்ட பிறகுதான் வண்டியை அங்கிருந்து எடுத்தோம். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்கு நானே கொடுத்தேன். 'பார்த்துக்கலாம்' என்று அவரிடமே விட்டிருந்தால் யாராவது எங்கேயாவது போடும் அபராதம் அவர் பெயருக்கும் எனக்கும் நடுவில் கிடந்து அல்லாடியிருக்கும்.

ஒரு குழப்பம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரையும் முன்னால் மிதித்துக்கொண்டே போகலாம். இதில் முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. பெருந்துறை ரோட்டில் மூன்றாவதுக்குப் போக நினைத்து பழக்கத்தில் மிதித்துவிடுவேன், வண்டி முதல் கியரில் விழுந்து உறுமும். பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே பாடம் நடத்துவார்.

எதிர்பார்த்தபடியே இரண்டாவது வாரம் கீழே போட்டேன், பெட்ரோல் பங்க்கில், நின்ற இடத்தில். இந்த முறை பாதிக்கு மேல் சாய்ந்தும் கொஞ்சம் பிடிக்க முடிந்தது. மெதுவாகத் தரையில் படுக்க வைத்தேன் என்றே சொல்லலாம். பெட்ரோல் போடும் பெண் ஓடி வருவதற்குள் ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, முதுகைக் கொடுத்து, நானே நிமிர்த்திவிட்டேன். இண்டிகேட்டர் கண்ணாடி மட்டும் போனது. 120 ரூபாய்.