குவிக்சோர்ட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

கொழும்பில் மென்பொருள் வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள் குவிக்சோர்ட்டை, அதாவது தரவுகளை வேகமாக வரிசைப்படுத்துகிற வழிமுறையை, பார்க்காமல் போவதில்லை. அதைக் கண்டுபிடித்தவர் டோனி ஹோர் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியும். அந்த மனிதர் 1934 ஜனவரி 11ஆம் திகதி இதே கொழும்பில்தான் பிறந்தார் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம், அப்பா இங்கே அரசாங்க உத்தியோகத்தர், அம்மா ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள். பிறகு படிப்பு, வேலை, வாழ்க்கை எல்லாம் இங்கிலாந்தில். அதனால் நம்ம ஊர் ஆள் என்று கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. குவிக்சோர்ட்டை விடப் பெரிய ஒன்றை அவர் செய்திருக்கிறார், ஒரு நிரல் சரி என்று கணிதமாக நிறுவிக் காட்டுகிற வழி அது, அதை நம் கம்பஸ் பிள்ளைகள் பெரும்பாலும் தொடாமலே வேலைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அவர் ஒக்ஸ்ஃபோர்டில் படித்தது கணினி இல்லை, லத்தீனும் கிரேக்கமும் தத்துவமும். கடற்படைச் சேவையில் ரஷ்ய மொழி கற்றார், அந்த மொழியை வைத்துக்கொண்டு மொஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போய் இயந்திர மொழிபெயர்ப்பில் இறங்கினார். அகராதி அகர வரிசையில் காந்த நாடாவில் இருந்தது, ஆகவே வாக்கியத்தின் சொற்களையும் முதலில் வரிசைப்படுத்திக்கொண்டால் ஒரே ஓட்டத்தில் தேடிவிடலாம். குவிக்சோர்ட் பிறந்தது அந்தத் தேவையில். அப்புறம் 1960இல் எலியட் பிரதர்ஸ் என்ற கணினிக் கொம்பனியில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய குழு அல்கோல் 60 என்ற நிரல் மொழிக்கு ஒரு கம்பைலர், அதாவது எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுகிற மென்பொருள், எழுதியது. அரே என்ற தரவு வரிசையில் இடத்தைக் குறிக்கிற ஒவ்வொரு சுட்டெண்ணும் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஓடும்போதே சோதிக்கிற கம்பைலர் அது. இதனால் வேகம் குறையுமே, வேண்டுமென்றால் அணைத்துவைக்கிற வசதி தரட்டுமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம். 1980இல், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதுக்கான உரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் சி மொழியில் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது எல்லை தாண்டி எழுதிவிடுகிற பிழை, என்று அல்லாடுகிற நமக்கு, அறுபதுகளின் அந்தப் பதில் நெஞ்சில் தைக்க வேண்டும். அதே கொம்பனியில் அவர் பொறுப்பில் இருந்த எலியட் 503 என்ற கணினிக்கான மென்பொருள் திட்டம் ஒன்று முழுதாகக் கைவிடப்பட்டது, முப்பது ஆள்-ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வீண். அதையும் அந்த உரையில் ஒளிக்காமல் சொன்னார்.

1968இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அடுத்த வருடமே, 1969 ஒக்டோபரில், அந்தக் கட்டுரை. கணினி நிரலாக்கத்துக்கு, நிறுவாமலே ஏற்றுக்கொள்கிற அடிப்படை உண்மைகளால் ஆன ஓர் அடித்தளம் என்பது அதன் தலைப்பின் பொருள். ஆறு பக்கம்தான். 1949இல் கணினி முன்னோடி அலன் டூரிங்கும் 1967இல் கணினி அறிஞர் ரொபர்ட் ஃப்ளொய்டும் இந்தப் பக்கம் ஏற்கனவே நடந்திருந்தார்கள், ஆனால் ஹோர் அதை விதிகளாக்கி யார் கையிலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்தார்.

விஷயம் இதுதான். ஒரு நிரல் துண்டுக்கு முன்னால் ஒரு நிபந்தனை, பின்னால் ஒரு நிபந்தனை. முன்நிபந்தனை உண்மையாக இருக்கும்போது துண்டை ஓட்டினால், அது ஓடி முடியும் பட்சத்தில், பின்நிபந்தனை உண்மையாக இருக்கும். எக்ஸுடன் ஒன்றைக் கூட்டிய பிறகு எக்ஸ் பத்துக்கு மேல் இருக்க வேண்டுமா? அப்படியென்றால் கூட்டுவதற்கு முன்னாலேயே "எக்ஸ் சக ஒன்று" பத்துக்கு மேல் இருக்க வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கிறோம், முன்னாலிருந்து ஓட்டிப் பார்த்து நம்புவதில்லை. லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற துண்டு, வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கிற ஓர் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அதுதான் இன்வேரியன்ட். என் டீமில் சேருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதும் இதையே: இந்த லூப் ஒரு சுற்று முடிக்கும்போது எது கட்டாயம் உண்மையாக இருக்கும், ஒரு வரியில் எழுதிக் காட்டுங்கள். அந்த ஒரு வரி வந்துவிட்டால் கோட் பாதி எழுதியாகிவிட்டது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆரம்பத்திலேயே, பலர் தாண்டிப் போய்விடுகிற இடத்தில் இருக்கிறது. கணிதத்தின் முழு எண்களுக்கு முடிவில்லை, கணினியின் எண்களுக்கு எல்லை உண்டு, அப்படியானால் எல்லையைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்று கேட்டு மூன்று வழிகளைப் பிரித்து வைக்கிறார். ஓட்டத்தையே நிறுத்திவிடலாம், உச்ச எண்ணிலேயே நிற்கலாம், அல்லது சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வரலாம். மூன்றுக்கும் வேறுவேறு விதி. இதை 1969இல் எழுதிவிட்டார். 2006இல் ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த, வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடுகிற பைனரி சர்ச்சில் ஒரு பிழை இருப்பதை மென்பொருளாளர் ஜோஷுவா ப்ளொக் எழுதினார், நடுப்புள்ளி காண, தேடும் பகுதியின் தொடக்கமான லோவையும் முடிவான ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிற வரியில், அரே மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை 32 பிட் எண்ணின் உச்சமான 2147483647ஐத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடுகிறது. ஒன்பது வருடம் போல அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது. மூன்றாவது வழியில் ஓடுகிற மெஷினை, எண்களுக்கு எல்லையே இல்லை என்று நினைத்துக்கொண்டு சரிபார்த்ததுதான் காரணம்.

1965இல் அல்கோல் டபிள்யூ மொழியில் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டான நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்ததும் இவர்தான், 2009இல் அதைத் தன் பில்லியன் டொலர் தவறு என்று மேடையிலேயே சொன்னார். எல்லோரும் சொல்கிற கதை என்பதால் நீட்டவில்லை. என்னை அதைவிட உலுக்கியது 1996இல் அவர் எழுதிய கட்டுரை: கணித நிறுவல் இல்லாமலே மென்பொருள் எப்படி இவ்வளவு நம்பகமானது என்று கேட்கிறார். நாங்கள் பயமுறுத்திய அளவுக்கு உலகம் அவதிப்படவில்லையே என்று, தன் வாழ்நாள் வேலைக்கு எதிரான சான்றை எடுத்து மேசையில் வைத்து, டெஸ்டிங், கோட் ரிவியூ, கவனமான வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் உரிய மதிப்பைக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு விட்டுவிடவும் இல்லை. 2003இல், எழுதிய நிரல் சரியா என்று தானே நிறுவிப் பார்க்கிற கம்பைலரை ஒரு மாபெரும் சவாலாக முன்வைத்தார். 2009இல் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கரு, சுமார் 8,700 வரி சி கோட், சரி என்று இயந்திர உதவியோடு கணிதமாக நிறுவி முடித்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆறு பக்கம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இங்கே கொழும்பில் இருந்துகொண்டு வங்கிக்கும் பங்குச் சந்தைக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணிதம் கஷ்டமே இல்லை, கணிதத் தொகுத்தறிதல் தெரிந்தால் இன்வேரியன்ட் புரிந்துவிடும்.

தொடங்க வேண்டும் என்றால் எழுதிய நிரலைத் தானே நிறுவிப் பார்க்கிற டாஃப்னி மொழியை இறக்கிக்கொள்ளுங்கள், காசு இல்லை. பைனரி சர்ச்சை முன்நிபந்தனை, பின்நிபந்தனை, இன்வேரியன்ட்டோடு எழுதுங்கள். எண் வகையைச் சாதாரண இன்ட், அதாவது முழு எண், என்று கொடுத்தால் அந்த நடுப்புள்ளி வரியைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் டாஃப்னியின் இன்ட் எல்லையில்லாத கணித எண். பிறகு 32 பிட்டுக்குள் அடங்கும் ஒரு எண் வகையை நீங்களே அறிவித்து, அதே வரியை மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். இந்த முறை ஏற்காது, எந்தக் கூட்டலில் எல்லை தாண்டலாம் என்று விரலை வைத்துக் காட்டும். லோவோடு, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தின் பாதியைக் கூட்டுகிற மாதிரி மாற்றினால் ஏற்றுக்கொள்ளும். சரி, எங்காவது மாட்டிக்கொண்டால் கோடோடு எழுதிப் போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.