கடைசி பெஞ்ச் இல்லாத கல்லூரி

முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். கடைசி வரிசையில் ஜன்னலோரமாக ஒரு இடம் பிடித்துவிட்டால் நான்கு வருடத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்கு. உள்ளே போனால் வரிசை என்று ஒன்றே இல்லை. நீள்வட்டமாக ஒரு மேஜை, சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள். மாணவர்கள் பதினோரு பேர், பேராசிரியர் ஒருவர். எதில் உட்கார்ந்தாலும் எல்லார் கண்ணிலும் படத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில், சுற்றிலும் சோளக்காடு இருக்கிற ஒரு சிற்றூரில் இருந்தது என் கல்லூரி. தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது ஒரே துறையில் அடைத்துவிடாமல் பல துறைகளையும் படிக்கவைக்கிற இடம். மொத்த மாணவர்களே சுமார் 1,300 பேர்தான். லிபரல் ஆர்ட்ஸ் என்று சொன்னதும் நான் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றுதான் உறவினர்களில் பாதிப் பேர் நினைத்தார்கள். நான் படித்தது பொருளாதாரமும் கணிதமும். அந்தப் பெயர் இடைக்கால ஐரோப்பாவிலிருந்து வருவது: இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், வானியல், இசை என்று ஏழு கலைகள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழில் ஓவியம் இல்லவே இல்லை.

அந்த நீள்வட்ட மேஜைக்கு வருகிறேன். முதல் பருவத்தில் எல்லாருக்கும் ஒரு கருத்தரங்க வகுப்பு கட்டாயம். வாரத்துக்கு இருநூறு பக்கம் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். பேராசிரியர் பாடம் நடத்த மாட்டார். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். நான் மூன்று வகுப்புகள் வாயே திறக்கவில்லை. நூறு பேர் இருக்கிற அறையில் அது யாருக்கும் தெரியாது. பதினோரு பேரில் ஒருத்தி பேசாமல் இருந்தால், அவள்தான் அறையிலேயே அதிகச் சத்தம் போடுகிறவள் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாவது வகுப்பு முடிந்ததும் அவரிடமிருந்து மின்னஞ்சல்: நாளை என் அறைக்கு வா.

திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "படிக்கவில்லையா, இல்லை பயமா?" என்று கேட்டார். "இரண்டும்தான்" என்றேன். "சரி, முதலாவதை நீ பார்த்துக்கொள். இரண்டாவதற்கு ஒரு வழி இருக்கிறது" என்றார். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அசட்டுத்தனமான கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் காத்திருந்தால் பேச்சு எங்கோ போய்விடும், நம் மனதில் வைத்திருந்ததும் பழசாகிவிடும், அப்புறம் நுழைய இடமே கிடைக்காது. இந்த ஒரு உத்தியை இன்றைக்கும் அலுவலகக் கூட்டங்களில் பயன்படுத்துகிறேன்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி சொன்னதுதான் அதைவிடக் கஷ்டம். என்னைவிட முப்பது வயது பெரியவரை வெறும் பெயர் சொல்லி அழைக்க நாக்கு புரளவில்லை. ஒரு வருடம் முழுக்க எந்தப் பெயரும் சொல்லாமல் 'எக்ஸ்க்யூஸ் மி'யிலேயே ஓட்டினேன்.

1,300 பேர் என்பது பிரசுரத்தில் 'குடும்பம் போல' என்று அச்சாகும். குடும்பம் போல என்பது உண்மைதான், அதன் தொல்லைகளோடு சேர்த்து. ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஒரு புள்ளியியல் வகுப்பிலிருந்து விலகினேன். புதன்கிழமை மதியம் உணவுக்கூட வாசலில் அட்டை தேய்க்கும் அம்மா, "அந்த வகுப்பை விட்டுட்டியாமே?" என்று விசாரித்தார். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய அறைத்தோழியை ஒரு நாளைக்கு ஆறு முறை பார்த்தேன். இருப்பது ஒரே உணவுக்கூடம், எங்கே போவது? ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தபோது கதவைத் தட்டியதும் அதே அறைத்தோழிதான்.

விண்ணப்பிக்கிறவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. சின்னக் கல்லூரியில் ஒரு துறைக்கு நான்கைந்து பேராசிரியர்கள்தான் இருப்பார்கள். அதனால் மேல்நிலைப் பாடங்கள் பல இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். பாடப்பட்டியலில் அழகாக அச்சாகியிருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு' என்றிருக்கும். நான் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. நான் போக நினைத்த முதுகலைக்கு 'ரியல் அனாலிசிஸ்' தேவை, நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபித்துக் காட்டுகிற கணிதப் பாடம். அது வந்த வருடம் எனக்கு வேறு வகுப்போடு நேரம் மோதியது. அடுத்து வருவதற்குள் நான் பட்டம் வாங்கியிருப்பேன். புலம்பிக்கொண்டு போனதற்கு, ஒரு கணிதப் பேராசிரியர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தன் அறையிலேயே எனக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் அறையில் பாதிச் சுவர் கரும்பலகை. சுண்ணக்கட்டி என் கையில்தான் இருக்கும், அவர் உட்கார்ந்து பார்ப்பார். நிரூபணத்தில் எப்சிலானுக்கு முன்னால் டெல்டாவைத் தேர்ந்தெடுத்து வரிசையைக் குழப்பிவிட்டேன் என்றால் ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார். மேஜையைச் சுற்றி மற்ற பத்துப் பேர் இருந்ததே பெரிய நிம்மதி என்று அப்போதுதான் புரிந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இந்தக் கல்லூரிகள் அறிவிக்கிற கட்டணத்தைப் பார்த்து மயக்கம் போட வேண்டாம். உதவித்தொகையால் பலரும் அதைவிடக் குறைவாகத்தான் கட்டுகிறார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர் விஷயம் வேறு. நிதியுதவி கேட்பதைக் கணக்கில் எடுக்காமல் வெளிநாட்டு மாணவரையும் சேர்த்துக்கொள்கிற ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சின்னக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலான மற்ற இடங்களில் எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவுக்கு வாய்ப்பு குறையும். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். நான் நூலகத்தில் இரவு ஷிப்ட். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க வேண்டும். அலமாரிக் குறியீடு கணிதத்துக்கு க்யூஏ, பொருளாதாரக் கோட்பாட்டுக்கு ஹெச்பி. இந்த இரண்டு அலமாரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றின் முன்னாலும் நின்று படித்துத்தான் அந்த வேலையை இவ்வளவு மெதுவாகச் செய்தேன் என்று மேலாளருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

டிசம்பர் விடுமுறையில் விடுதியை மூடிவிடுவார்கள். வீட்டுக்குப் போக டிக்கெட் வாங்க முடியாதவர்கள் தனியாக அனுமதி வாங்கி, ஏழெட்டுப் பேராக ஒரே கட்டடத்தில் இருந்தோம். உணவுக்கூடமும் மூடியிருக்கும். அந்த மூன்று வாரம் பனியில் வளாகத்தில் எங்கள் காலடித் தடம் மட்டும்தான்.

ஒவ்வொரு சின்னக் கல்லூரிக்கும் ஒரு கிறுக்கு உண்டு என்று எனக்கு ஒரு எண்ணம். கொலராடோ காலேஜில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம்தான், மூன்றரை வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது. ஸ்வார்த்மோரில் ஹானர்ஸ் மாணவர்களைச் சோதிக்க வெளியிலிருந்து தேர்வாளர்களை வரவழைக்கிறார்கள். ரீட் கல்லூரியில் எல்லாரும் இறுதியாண்டில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் கல்லூரியின் கிறுக்கு, எந்தத் துறையாக இருந்தாலும் கைவேலைப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும் என்பது. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இடம் மிச்சமிருந்த ஒரே வகுப்பில் போய் விழுந்தேன். பானை வனைதல்.

ஆறு வாரம் களிமண் சக்கரத்தின் நடுவில் நிற்கவே மறுத்தது. கையில் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் பட்டால் சுவர் தொளதொளவென்று சரியும், குறைந்தால் விரலோடு ஒட்டி இழுத்துக்கொண்டு சுழலும். ஏழாவது வாரம் ஒரு சாண் உயரத்துக்கு ஒன்று ஒழுங்காக எழுந்தது. அதைக் காட்டலாம் என்று ஆசிரியையைக் கூப்பிட்டேன். அழகாக இருக்கிறது என்றார். உடனே ஒரு மெல்லிய கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, வாயிலிருந்து அடிவரை நேராக இறக்கிப் பானையை இரண்டாகப் பிளந்துவிட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "உள்ளே பார்" என்றார். விளிம்பில் மெலிந்திருந்த சுவர் கீழே வரவர ஒரு அங்குலம் தடித்துக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் துளிகூடத் தெரியவில்லை.

வெட்டிய களிமண் திரும்பக் கரைக்கிற வாளிக்குத்தான் போகும். ஒரு பாதியை மட்டும் சுட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அவ்வளவு தடிமன் சூளையில் வெடிக்கும் என்று முணுமுணுத்தார். ஆனாலும் நாலு வாரம் காயவைத்துச் சுட்டுக் கொடுத்தார். வெடிக்கவில்லை. மூன்று வீடு மாறிவிட்டேன், இன்னும் என் மேஜையில் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. தானாக நிற்காது.